சுடரியின் கடைசிக் கட்டம்

“கடைசிக் கட்டத்துல இடிவேந்தன் ஜன்னல் கண்ணாடியை உடைச்சிக்கிட்டு உள்ள குதிப்பான். சுடரி மயங்கி அவன் கையில விழுவா. எல்லாக் கதையும் அப்படித்தான் முடியும். எனக்கு நேத்து படிச்ச மாதிரி இருக்கு” என்று தளபதி மேஜையைத் தட்டி அடித்துச் சொன்னார். எடிட்டர் பயபக்தியோடு தலையாட்டினார். எனக்கு உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது.

தளபதி என்றதும் ராணுவம் அது இது என்று கற்பனை செய்ய வேண்டாம். இன்சூரன்ஸ் ஏஜென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடப் பையனாக இருந்தபோது ‘இடிவேந்தன்’ காமிக்ஸின் பின்னட்டையில் வரும் கூப்பனை மாதம் தவறாமல் வெட்டி அனுப்பி, இடிவேந்தன் படையில் சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக உயர்ந்து, தளபதி பேட்ஜ் வாங்கினாராம். தகர பேட்ஜ். அதை இன்றைக்கும் சட்டையில் குத்திக்கொண்டுதான் கூட்டங்களுக்கு வருகிறார். பழைய காமிக்ஸ் சேகரிப்போர் சங்கத்தின் தலைவரும் அவரேதான்.

எங்கள் பதிப்பகத்துக்கு அந்தச் சங்கம் இல்லாமல் பிழைப்பு இல்லை. அந்தக் காலத்துக் காமிக்ஸ்களைக் கெட்டி அட்டை போட்டு, வழவழ தாளில் தொகுப்புகளாக மறுபதிப்புச் செய்கிறோம். கையால் வரைந்த மூலப் படங்கள் எல்லாம் எப்போதோ பழைய பேப்பர்க் கடைக்குப் போய்விட்டன. சங்கத்துக்காரர்கள் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் இதழ்களைத்தான் கடன் வாங்கி ஸ்கேன் செய்கிறோம். கறை, மடிப்பு, எவனோ பேனாவால் வரைந்துவிட்ட மீசை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் நீக்கிப் பக்கத்தைப் புதுசாக்குவது என் வேலை.

இடிவேந்தன் தொகுப்புகள் விற்றுத் தீர்ந்த பிறகுதான் எடிட்டருக்குச் சுடரியின் ஞாபகம் வந்தது. சுடரி துணை நாயகி. இதழில் முக்கால்வாசியை இடிவேந்தன் அடைத்துக்கொள்வான். கடைசியில் மிச்சம் இருக்கும் நாலைந்து பக்கம் அவளுக்கு. அவள் கதையின் கடைசிப் பக்கம் பின்னட்டையின் உள்பக்கத்தில் வந்து முடியும். அந்தப் பக்கத்தின் கடைசிக் கட்டத்துக்கு நேர் பின்னால், அட்டையின் வெளிப்பக்கத்தில், கூப்பன்.

இப்போது புரிகிறதா? ஊரில் உள்ள இடிவேந்தன் ரசிகன் ஒவ்வொருவனும் பேட்ஜுக்காகக் கூப்பனை வெட்டியிருக்கிறான். கூப்பனோடு சேர்ந்து சுடரியின் முடிவும் தபாலில் போய்விட்டது. சங்கத்தில் இருக்கும் எந்த இதழை எடுத்தாலும் கடைசிக் கட்டம் இருக்க வேண்டிய இடத்தில் சதுரமாக ஓர் ஓட்டை. கதை முழுக்கப் போராடிவிட்டுச் சுடரி அந்த ஓட்டைக்கு முன்னால் வந்து நிற்கிறாள். அப்புறம் என்ன ஆச்சு என்று யாருக்கும் தெரியாது.

யாருக்கும் தெரியாது என்பதற்காகச் சும்மா இருக்கிறார்களா? எடிட்டருடைய மச்சான் மகன் ஒருவன் கம்ப்யூட்டரில் படம் போடுவானாம். அவனை வைத்து, இடிவேந்தன் வந்து காப்பாற்றுகிற மாதிரி புதுக் கட்டங்கள் வரைந்து ஓட்டைகளை அடைத்துவிடுவது என்று முடிவு செய்யத்தான் அன்றைய கூட்டம்.

“சார், நீங்க வெட்டி அனுப்பினதே அந்தக் கட்டத்தைத்தானே? அப்புறம் அதுல என்ன இருந்ததுன்னு எப்படிச் சொல்றீங்க?” என்று கேட்டேன்.

“படிச்சிட்டுத்தானே தங்கச்சி வெட்டினேன்?” என்று தளபதி சிரித்தார்.

“சங்கத்துல யாரைக் கேட்டாலும் இதையேதாம்மா சொல்றாங்க. இத்தனை பேரு பொய் சொல்வாங்களா?” என்றார் எடிட்டர்.

“வரைஞ்சவங்க உயிரோட இருக்காங்க சார். அவங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“உங்க சித்திக்கு வயசாயிடுச்சும்மா. ஞாபகம் முன்ன பின்ன இருக்கும்” என்றார், தளபதியைவிடச் சித்திக்கு ஏதோ இருபது வயது கூடுதல் என்பது போல. ஏழெட்டு வயதுதான் கூடுதல். வாயில் வந்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

ஆம், சுடரியை உருவாக்கியது என் சித்தி. அம்மாவின் கூடப் பிறந்த தங்கை. இருபது வயதில் அந்தக் காமிக்ஸ் ஆபீசில் பேச்சு பலூன்களுக்குள் எழுத்துப் போடுகிற வேலைக்குச் சேர்ந்தவள், மிச்சப் பக்கங்களை நிரப்ப ஆள் இல்லாமல் முதலாளி தவித்தபோது, தானே கதை எழுதி, தானே வரைந்து கொடுத்தாள். பெயர் போடவில்லை. ‘ஓவியம்: நமது குழு’ என்று போட்டார்கள். குழுவாம் குழு! பத்திரிகை நின்ற பிறகு சித்தி பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராகிவிட்டாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டாள். இப்போது எங்கள் வீட்டு மாடி அறையில் என் பிள்ளைகளோடு கேரம் ஆடி, அவர்களை ஏமாற்றி ஜெயித்துக்கொண்டிருக்கிறாள். இந்தத் தொகுப்பில்தான் முதல்முறையாக அவள் பெயர் அட்டையில் வரப்போகிறது. விளம்பரம்கூடக் கொடுத்தாகிவிட்டது.

வீட்டுக்குப் போய்ச் சித்தியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

“இடிவேந்தனா? அந்தத் தடியன் என் கதையில எங்கடி வந்தான்?” என்றாள் சித்தி. “ஒரு கதையில கூட நான் அவனை உள்ள விட்டதில்லை. அவளா ஆரம்பிச்சா, அவளாவே முடிச்சா.”

“உங்கிட்ட ஒரு இதழ் கூட இல்லையா சித்தி?”

“யாரு குடுத்தா? வரைஞ்ச பக்கத்தை முதலாளி மேஜையில வைக்கிறதோட என் வேலை முடிஞ்சுது. அச்சானதைக் காசு குடுத்து வாங்கிக்கோன்னாரு. எனக்கு ரோஷம். வாங்கலை. ஆபீஸ்ல கிடந்ததைத் திறந்துகூடப் பார்க்கலை.” கேரம் காய்களை டப்பாவில் அள்ளிப் போட்டாள். பிறகு, “உங்க எடிட்டர்கிட்ட சொல்லிடு. அவன் வந்து அவளைத் தூக்கிட்டுப் போறதா இருந்தா, அட்டையில என் பேரு வேண்டாம். எடுத்துடச் சொல்லு” என்றாள்.

அந்தப் பெயருக்காக அவள் எத்தனை ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். விளம்பரத்தைப் பார்த்த அன்றைக்குத் தன் பெயரை விரலால் தடவிப் பார்த்தாள். ‘எழுத்து கொஞ்சம் ஒல்லியா இருக்கே’ என்று குறைகூடச் சொன்னாள். அப்படிப்பட்டவள் வேண்டாம் என்கிறாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

மறுநாள் சித்தி சொன்னதைச் சொல்லி எடிட்டரோடு மல்லுக்கு நின்றேன். அவர் கடைசியில், “வெட்டாத இதழ் ஒண்ணே ஒண்ணு கொண்டு வாங்கம்மா, ஒத்துக்கறேன். அச்சுக்குப் போற வரைக்கும் டைம்” என்று கை கழுவினார். வெட்டாத இதழே உலகத்தில் இல்லை என்று தளபதி அவருக்கு உறுதி கொடுத்திருந்தார்.

கடுப்பில் என் இடத்தில் வந்து உட்கார்ந்து, கந்தலாகக் கிடந்த ஒரு பின்னட்டையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓட்டையைச் சுற்றிக் கூப்பனின் ஓரம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘படையில் சேர ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே அனுமதி.’

எனக்கு முதலில் வழக்கம்போல் எரிச்சல்தான் வந்தது. பிறகுதான் சுரீர் என்று உறைத்தது. பையன்களுக்கு மட்டும்தான் பேட்ஜ் என்றால், பெண் பிள்ளைகள் எதற்குக் கத்தரிக்கோலை எடுத்திருக்கப்போகிறார்கள்? இத்தனை வருஷம் தொகுப்பு போடுகிறோம், காமிக்ஸ் கேட்டு ஒரு பெண்ணின் வீட்டுக் கதவையாவது தட்டியிருக்கிறோமா? நானும்தான் தட்டவில்லை.

நேராகத் தளபதிக்கு போன் போட்டேன். “சார், உங்க கூடப் பிறந்தவங்க யாராவது காமிக்ஸ் படிப்பாங்களா?”

“அக்கா படிப்பா. அவகிட்ட ஒரு பெட்டி கிடக்கும். அதெல்லாம் சும்மா படிக்கிறதுக்கு வாங்கினது தங்கச்சி. கலெக்‌ஷன்ல சேராது” என்றார்.

கலெக்‌ஷனில் சேராதாம்! போனை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

தளபதியின் அக்கா மருந்துக்கடை வைத்திருக்கிறார். வெள்ளைக் கோட்டு, மூக்கு நுனியில் கண்ணாடி, எதிரில் சீட்டை நீட்டிக்கொண்டு நாலைந்து பேர். நான் தம்பியின் பெயரைச் சொன்னதும், “என்னத்தைத் தொலைச்சான்?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த மாத்திரை அட்டையை அப்படியே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“சுடரியா? சுடரியை யாரு இன்னும் ஞாபகம் வெச்சிருக்கா?”

பஞ்சு மூட்டைக்குப் பின்னால் இருந்து ஓர் இருமல் மருந்து அட்டைப்பெட்டியை அவரே இறக்கினார். உள்ளே இதழ்கள், வரிசையாக, முனை மடங்காமல்.

“வீட்டுல வெச்சா அவன் எடுத்துட்டுப் போயிடுவான்னு இங்க வெச்சேன். அவன் வாங்கினதை என்னைத் தொட விட மாட்டான். அதனால நானே தனியா வாங்கினேன். கூப்பனா? பொண்ணுங்களுக்குக் கிடையாதுன்னுட்டான், நான் எதுக்கு வெட்டணும்? பையன் பேர்ல அனுப்பலாமான்னு ஒரு தடவை தோணுச்சு. இடிவேந்தன் படையில எனக்கென்ன வேலை? நான் வாங்கினதே சுடரிக்காக.”

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முதல் இதழை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பூட்டிய மில்லுக்குள் தீ. கூலி உயர்வு கேட்டவர்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு முதலாளி ஓடிவிட்டான். புகைக்குள் கண் தெரியாமல் தவிக்கிறார்கள் தொழிலாளர்கள். சுடரி தொட்ட இடத்தில் வெளிச்சம் வரும். சுவரைத் தொட்டுத் தொட்டு வழி காட்டிக்கொண்டு வருகிறாள். கதவுப் பூட்டில் கை வைக்கிறாள். அடுத்தது கடைசிக் கட்டம், முழுசாக, ஓட்டை இல்லாமல்.

இடிவேந்தன் ஜன்னலை உடைத்துக்கொண்டு குதித்திருந்தான். சுடரி மயங்கி அவன் கையில் கிடந்தாள்.

அடுத்த இதழைப் புரட்டினேன். அதிலும் அவன். அதற்கடுத்ததிலும் அவனேதான். ஜன்னல், கூரை, கிணறு என்று குதிக்கிற இடம் மட்டும்தான் வேறு. தளபதி சொன்னது வார்த்தைக்கு வார்த்தை சரி. சித்திக்குத்தான் ஞாபகம் பிசகிவிட்டதா?

“இதைத்தான் என்னால பொறுக்கவே முடியாது” என்றார் மருந்துக்கடைக்காரம்மா. “மாசா மாசம் இந்தத் தடவையாவது அவ ஜெயிப்பான்னு வாங்குவேன். கடைசியில இவன் வந்து நிப்பான். இந்த மில்லு கதையைப் பாருங்க, இவன் பாட்டுக்கு அவளைத் தூக்கிட்டுப் பறந்துட்டான். உள்ள புகையில அவ்வளவு ஜனம் நிக்குதே, அவங்க என்ன ஆனாங்க? சின்ன வயசுல அதை நினைச்சு நினைச்சு எனக்குத் தூக்கம் வராது. இதை வரைஞ்சவன் கை விளங்காமப் போகணும்னு அப்படித் திட்டியிருக்கேன்.”

“வரைஞ்சவன் இல்லம்மா, வரைஞ்சவங்க. என் சித்தி” என்றேன்.

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. அப்போதுதான் கடைசிக் கட்டத்தை மறுபடி பார்த்தேன், இந்த முறை என் வேலைக் கண்ணால். சித்தி இடக்கைக்காரி. நிழலுக்கு அவள் இழுக்கிற கோடுகள், மற்றவர்கள் கோடு சாய்கிற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாயும். இதழ் முழுக்கச் சுடரியின் பக்கங்களில் கோடுகள் அப்படித்தான் சாய்ந்திருந்தன. கடைசிக் கட்டத்தில் மட்டும் மாறிச் சாய்ந்திருந்தன. இடிவேந்தன் கதையில் எப்படியோ அப்படியே.

கடையை உதவிக்கு இருந்த பெண்ணிடம் விட்டுவிட்டு மருந்துக்கடைக்காரம்மா பெட்டியோடு என்கூடவே வந்துவிட்டார். சித்தி மாடியில் கேரம் போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதுவும் சொல்லாமல் மில் கதையை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டாள். அடுத்த இதழை வாங்கினாள். அதற்கடுத்ததை வாங்கவில்லை.

“நான் வரைஞ்சதைக் கத்தரிச்சிட்டு, வேற ஆளை வெச்சு வரைஞ்சு மேல ஒட்டியிருக்கான் அந்த முதலாளி. எல்லாத்துலயும்” என்றாள். “இத்தனை வருஷமும் அவ ஜெயிச்சிட்டான்னு நினைச்சு நிம்மதியா இருந்தேன்டி நான்.”

செத்துப்போன அந்த முதலாளியை எழுப்பி நாலு கேள்வி கேட்க வேண்டும் போலிருந்தது. மருந்துக்கடைக்காரம்மா சித்தியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“நான் உங்களை ரொம்பத் திட்டிட்டேன்.”

“நானா இருந்தாலும் திட்டியிருப்பேன்” என்றாள் சித்தி.

“அந்த ஜனங்க என்ன ஆனாங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

சித்தி எழுந்து புடவையை உதறிக் கட்டினாள். “நாளைக்கு உங்க ஆபீசுக்கு வரேன்டி. நீங்களும் வாங்கம்மா” என்றாள்.

மறுநாள் எடிட்டர் அறையில் தளபதிக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியில் இருந்த இதழ்களைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். “நான் சொன்னேனா இல்லையா? கண்ணாடி ஜன்னல்! மயக்கம்! அப்படியே இருக்கு பாருங்க சார்!”

“நீ எங்கடா படிச்சே?” என்றார் அக்கா. “புத்தகம் வந்ததும் கத்தரிக்கோல் எங்கேன்னு கத்துவே. சுடரி பக்கத்தை ஒரு நாளாவது திருப்பியிருக்கியா? பொம்பளைக் கதைன்னு மூஞ்சியைச் சுளிப்பே.”

தளபதி அசடு வழிந்தார். “படிக்கணுமாக்கா? எப்படி முடியும்னு தெரியாதா என்ன?”

எனக்கு அதுதான் நெஞ்சில் தைத்தது. இந்த ஆள் பொய் சொல்லவில்லை. படிக்காமலேயே சரியாகச் சொல்லியிருக்கிறார்.

சித்தி கோடுகளைக் காட்டினாள். எது தன் கை, எது ஒட்டுவேலை என்று பொறுமையாக விளக்கினாள். எடிட்டருக்குப் புரிந்தது, அவர் ஒன்றும் மக்கு இல்லை. ஆனாலும் கைகளைக் கோத்துக்கொண்டு, “எல்லாம் சரி மேடம். ஆனா அச்சுல வந்தது இதுதானே? மறுபதிப்புன்னா ஒரிஜினலை மதிக்கணும். வரலாற்றை நாம மாத்தக் கூடாது” என்றார்.

என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. “என்ன சார் பேசறீங்க? முந்தாநாள் வரைக்கும் உங்க மச்சான் பையனை வெச்சு இஷ்டத்துக்கு வரைஞ்சு அடைக்கப் பார்த்தீங்களே, அப்ப எங்க போச்சு இந்த வரலாறு? இடிவேந்தன் வரணும்னா எதை வேணும்னாலும் புதுசா வரையலாம். அவன் வரக் கூடாதுன்னா மட்டும் ஒரிஜினல் புனிதமாயிடுமா? வரைஞ்சவங்க எதிர்ல உட்கார்ந்திருக்காங்க. இவங்க வரைஞ்சதை வெட்டிட்டு ஒட்டினது உங்களுக்கு ஒரிஜினலா? கேக்கவே அசிங்கமா இல்ல?”

வேலை போனாலும் போகட்டும் என்றுதான் கத்தினேன். எடிட்டர் அறைக்கு வெளியே டைப் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது.

“இவ சொன்னதுல தப்பில்ல” என்றார் மருந்துக்கடைக்காரம்மா. மேஜை மேல் பரப்பியிருந்த இதழ்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டியில் அடுக்கி மூடினார். “இது என் புத்தகம். ஸ்கேன் பண்ண நான் தர்றதா இல்ல. தம்பி, நீ வாயைத் திறந்தா கடைக்கு வந்து ஓசியில பிரஷர் பார்த்துக்கறதை மறந்துடு.”

எடிட்டர் சித்தி பெயர் போட்ட விளம்பரத்தையும், வந்து குவிந்த ஆர்டர்களையும் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “சரி மேடம். ஓட்டையில நீங்களே வரைஞ்சு குடுங்க. புதுசா வரைஞ்சதுன்னு கீழ போட்டுடலாம். ஆனா ஒரு சின்ன வேண்டுகோள். இடிவேந்தனைச் சுத்தமா எடுத்துட்டா ரசிகர்கள் சண்டைக்கு வருவாங்க. ஒரு மூலையிலயாவது அவன் நிக்கட்டுமே?”

நான் மறுபடி எழுந்தேன். சித்தி என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“நிக்கட்டும்” என்றாள். “தாள் குடுங்க.”

இடது கையில் பேனாவைப் பிடித்தாள். நாங்கள் மூன்று பேரும் மேஜையைச் சுற்றிக் குனிந்துகொண்டோம். தளபதிகூட எட்டிப் பார்த்தார். மில் கதவு விரியத் திறந்திருந்தது. சுடரி உள்ளே நின்று கையை உயர்த்தி வெளிச்சம் காட்டிக்கொண்டிருந்தாள். அந்த வெளிச்சத்தில் புகையை விட்டுத் தொழிலாளர்கள் வரத் தொடங்கினார்கள். ஒருவன் இருமிக்கொண்டு, ஒருத்தி இன்னொருத்தியைத் தாங்கிக்கொண்டு, ஒருவன் செருப்பைத் தொலைத்துவிட்டு. சித்தி யாரையும் கும்பலாகக் கிறுக்கிவிட்டுவிடவில்லை. ஒவ்வொருவருக்கும் முகம் போட்டாள். மருந்துக்கடைக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, வருகிறவர்களை எண்ணுகிற மாதிரி உதட்டை அசைத்தார்.

கடைசியாக, வாசல்படியில், தோளில் கட்டிய போர்வை பறக்க, இடுப்பில் கை வைத்தபடி இடிவேந்தனை வரைந்தாள். எடிட்டர் ஆறுதலாக மூச்சு விட்டார். சித்தி சுடரியின் தலைக்கு மேல் ஒரு பேச்சு பலூன் போட்டு, அதற்குள் நிதானமாக எழுதினாள்.

‘வழியில நிக்காதே. ஜனங்க வெளிய போகணும்.’

எடிட்டர் அதை இரண்டு முறை படித்தார். “மேடம், இதைக் கொஞ்சம் மாத்தி…” என்று இழுத்தார்.

சித்தி தலையை நிமிர்த்தவே இல்லை. “மிச்சக் கதைக்கெல்லாம் கடைசிக் கட்டம் பாக்கி இருக்கு” என்றாள். “அடுத்த தாளைக் குடுங்க.”